எட்டாவது பில்லரில் காணாமல் போன மூன்று அங்குலம்

ஈரோட்டுக்கு வெளியே, சாலையைப் பார்த்தபடி ஏழு கடைகள் கொண்ட ஒரு கட்டடம். முன்வரிசையில் எட்டு பில்லர், பின்வரிசையில் எட்டு. ஸ்ட்ரக்சுரல் டிராயிங் எங்கள் அலுவலகத்துடையது. குழி தோண்டி, அடியில் பிசிசி (கம்பியில்லாத கான்கிரீட் படுகை) போட்டு, ஃபூட்டிங் மேட் (அடித்தளக் கம்பி வலை) கட்டி முடித்து, பில்லர் கம்பி நிறுத்த வேண்டிய நாள். காலை எட்டரை மணிக்கு மேஸ்திரி போன் செய்தார்.

"சாருங்க, கடைசி பில்லரு மூணு இஞ்சு உள்ள வருதுங்க. ரெண்டு வாட்டி டேப்பு புடிச்சுப் பாத்துட்டேனுங்க. படத்துல இருக்கறபடிதானுங்க மார்க் பண்ணோம்."

அவர் சொன்னது முழுக்க உண்மை. படத்தில் இருந்தபடிதான் செய்திருந்தார். தவறு படத்தில் இருந்தது. அதிலும் விசித்திரம், கோடுகளில் ஒரு தவறும் இல்லை. கோட்டுக்கு மேலே எழுதியிருந்த எண்தான் தவறு. நாங்கள் படம் வரையும் மென்பொருளான ஆட்டோகேடில், அளவு எண்கள் எப்படி வர வேண்டும் என்று சொல்லும் டைமென்ஷன் ஸ்டைல், எழுத்து எப்படி வர வேண்டும் என்று சொல்லும் டெக்ஸ்ட் ஸ்டைல் என்று இரண்டு இருக்கின்றனவே, பலர் எழுத்தின் அழகுக்கும் அம்புக்குறியின் வடிவத்துக்கும் மட்டும்தான் அவை என்று நினைக்கிறார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்த ஒரு நாள் என்ன நடந்தது, எப்படி நடந்தது, அதற்குப் பிறகு எங்கள் கோப்புகளில் எதை மாற்றினோம் என்பதை டிராயிங் வேலை செய்பவர்களுக்காக முழுமையாக எழுதி வைக்கிறேன்.

சைட்டில் நடந்தது

கட்டடத்தின் முகப்பு அகலம் 22.35 மீட்டர். அனுமதிக்குப் போகும் பிளானில் அளவுகள் மீட்டரில்தான் இருக்கும், அதனால் அந்த எண் அங்கிருந்து வந்தது. முன்வரிசை பில்லர்கள் 230 மில்லிமீட்டர் அகலம், அதாவது நாம் 9 அங்குலம் என்று சொல்வது. இரண்டு ஓர பில்லர்களின் பாதி அகலத்தைக் கழித்தால், முதல் பில்லரின் மையத்திலிருந்து எட்டாவது பில்லரின் மையம் வரை 22.12 மீட்டர். ஏழு சமமான கடைகள். ஏழால் வகுத்தால் கடைக்கு 3.16 மீட்டர். மீட்டரில் பார்த்தால் அழகான எண்.

சைட்டில் யாரும் மீட்டரில் பேசுவதில்லை. கம்பியின் விட்டத்தை மட்டும் மில்லிமீட்டரில் சொல்வார்கள், மற்றதெல்லாம் அடி, அங்குலம். ஆகவே வேலை செய்யும் டிராயிங்கை அங்குலத்தில் போட்டோம். 3160 மில்லிமீட்டரை 25.4 ஆல் வகுத்தால் 124.41 அங்குலம். அதாவது 10 அடி 4.41 அங்குலம். மேஸ்திரியின் கைக்குப் போன தாளில் ஒவ்வொரு கடைக்கும் மேலே இருந்தது 10 அடி 4 அங்குலம்.

அவர் இடது ஓரத்திலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு பில்லருக்கும் 10 அடி 4 அங்குலம் அளந்து ஆணி அடித்துக்கொண்டே போனார். ஒரு கடைக்குத் தொலைந்தது அரை அங்குலத்துக்கும் குறைவு. அது யார் கண்ணுக்கும் தெரியாது. ஏழு கடை தாண்டியபோது 2.87 அங்குலம். நூல் கட்டி, மூலைமட்டம் பார்த்து, பின்வரிசையையும் முன்வரிசையிலிருந்தே எடுத்ததால் அங்கும் அதே குறை.

அந்த மேஸ்திரிக்கு ஒரு பழக்கம் உண்டு. கம்பி நிறுத்துவதற்கு முன் இரண்டு ஓரங்களுக்கும் நடுவே ஒரே இழுப்பில் டேப் பிடித்துப் பார்ப்பார். 72 அடி 4 அங்குலம் வந்தது. தாளின் அடியில் மொத்த அளவு 72 அடி 7 அங்குலம் என்று இருந்தது. ஒரே தாளில் ஏழு சிறிய அளவுகளைக் கூட்டினால் ஒன்று வருகிறது, மொத்தம் என்று எழுதியிருப்பது வேறொன்று. பக்கத்துச் சுவருக்கான கோடு 72 அடி 7 அங்குலத்தை வைத்து ஏற்கெனவே சுண்ணாம்பில் போட்டாயிற்று.

ஃபூட்டிங்குக்குக் கான்கிரீட் ஊற்றவில்லை என்பது எங்கள் நல்ல நேரம். கடைசி நான்கு மேட்களை இரண்டு வரிசையிலும் நகர்த்தினோம். ஓரத்தில் இருந்த நான்கு குழிகளைக் கொஞ்சம் அகலப்படுத்தி, பிசிசியை அந்தப் பக்கம் நீட்டினோம். ஒரு நாள் வேலை வீண். அந்தப் பழக்கம் இல்லாத ஒரு மேஸ்திரியாக இருந்திருந்தால், ஷட்டர் பொருத்த வரும்போதுதான் தெரிந்திருக்கும்.

கோப்பைத் திறந்தபோது

சைட்டிலிருந்து திரும்பியதும் மதியமே இரண்டு கோப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்தோம். ஒன்று நாங்கள் போட்ட பில்லர் லேஅவுட். மற்றொன்று சைட்டுக்குப் போன தாள். இரண்டாவது, வேறொரு அலுவலகத்தின் கோப்பு. அவர்களுடைய டைட்டில் பிளாக்கிலேயே (தாளின் பெயர்க் கட்டத்திலேயே) எல்லாம் வர வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். எங்கள் லேஅவுட்டை காப்பி செய்து அதில் ஒட்டினோம்.

முதலில், இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தைச் சொல்லும் டிஸ்ட் கட்டளை கொடுத்து இரண்டு பில்லர் மையங்களைத் தொட்டேன். ஒட்டப்பட்ட தாளில் 10 அடி 4 7/16 அங்குலம் என்று காட்டியது. எங்கள் மூலக் கோப்பிலும் அதே. ஆக, கோடு இம்மியும் நகரவில்லை. ஆனால் மூலக் கோப்பில் டைமென்ஷன் 10 அடி 4½ என்று நின்றது, ஒட்டிய தாளில் 10 அடி 4 என்று நின்றது.

இரண்டு டைமென்ஷன்களையும் தொட்டு ப்ராப்பர்ட்டீஸ் பலகையில் கீழே இறங்கிப் பார்த்தோம். பிரிசிஷன், அதாவது எண்ணை எவ்வளவு நுணுக்கமாகக் காட்டுவது என்ற வரியில், எங்களுடையது அரை அங்குலம். அவர்களுடையது முழு அங்குலம். இரண்டுக்கும் ஸ்டைலின் பெயர் ஒன்றே: ஸ்டாண்டர்டு.

இந்த இடத்தில்தான் நிற்க வேண்டும். ஆட்டோகேடில் ஒரு கோப்பிலிருந்து இன்னொரு கோப்புக்கு எதையாவது காப்பி செய்து ஒட்டும்போது, அதனுடன் சேர்ந்து அதன் லேயர், டெக்ஸ்ட் ஸ்டைல், டைமென்ஷன் ஸ்டைல், பிளாக் எல்லாம் போகும். போகிற இடத்தில் அதே பெயரில் ஏற்கெனவே ஒன்று இருந்தால், அங்கே இருப்பதுதான் ஜெயிக்கும். வந்தது தன் வரையறையைக் கைவிட்டு, வீட்டுக்காரரின் வரையறையைப் போட்டுக்கொள்ளும். எச்சரிக்கை எதுவும் வராது. பெயர் ஒன்று என்பதால் மென்பொருளுக்கு இரண்டும் ஒன்றே.

ஸ்டாண்டர்டு என்ற பெயர் புதிய கோப்புகளில் தானாகவே வந்து உட்கார்ந்திருக்கும். மெட்ரிக் டெம்ப்ளேட்டில் (முன்கூட்டியே அமைத்த தொடக்கக் கோப்பில்) ஆரம்பித்தால் கூடவே ஐஎஸ்ஓ-25 என்றும் ஒன்று வரும். 2.5 மில்லிமீட்டர் எழுத்து என்பதால் அந்தப் பெயர். அதில் தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி வரும் என்பதும் பலரும் கவனிக்காத விஷயம். 22.35 என்பது 22,35 ஆகிவிடும். ஊரில் ஆயிரம் அலுவலகங்கள் இந்த இரண்டு பெயர்களிலேயே தங்கள் தங்கள் விருப்பப்படி திருத்தி வைத்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் கோப்புகளை அனுப்பிக்கொள்கிறோம். எங்கள் அலுவலகத்தில் ஸ்டாண்டர்டைத் திருத்தி அரை அங்குலமாக்கி, அப்படியே பல வருடம் ஓட்டியது நான். பெயரை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இந்தத் தவறின் முதல் பங்கு என்னுடையது.

கண்ணை இழுத்த எழுத்து

ஆனால் பெயர் மட்டும் காரணமில்லை. ஒட்டிய வேலையைச் செய்தது எங்களிடம் சேர்ந்து ஆறு மாதமான டிப்ளமோ பெண். கவனமாக வேலை செய்பவள். அவளிடம் உட்கார்ந்து, அன்று என்ன செய்தாய் என்று ஒவ்வொரு படியாகக் கேட்டேன்.

"ஒட்டுனதும் நம்பர் எல்லாம் பெருசாயிடுச்சு சார். ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நின்னுச்சு. அதைச் சரி பண்றதுக்கே முக்கால் மணி நேரம் ஆச்சு."

ஏன் பெரிதானது? டைமென்ஷன் ஸ்டைலுக்குள் எழுத்தின் உயரத்துக்கென ஒரு கட்டம் உண்டு. அதே நேரம் அந்த ஸ்டைல், ஒரு டெக்ஸ்ட் ஸ்டைலைப் பயன்படுத்துகிறது. அந்த டெக்ஸ்ட் ஸ்டைலிலும் உயரம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. டெக்ஸ்ட் ஸ்டைலில் உயரம் 0 என்று இருந்தால், டைமென்ஷன் ஸ்டைல் சொல்வது செல்லும். 0 அல்லாத எந்த எண் இருந்தாலும் அதுதான் செல்லும், டைமென்ஷன் ஸ்டைலில் இருக்கும் உயரத்துக்கு வேலையே இல்லை. எங்களுடைய டெக்ஸ்ட் ஸ்டைலில் உயரம் 0. அவர்களுடையதில் "கடை 1", "கடை 2" என்று தலைப்பு எழுதுவதற்காக ஒரு நிலையான உயரத்தைப் பூட்டி வைத்திருந்தார்கள். அந்தப் பெயரும் ஸ்டாண்டர்டு. ஒட்டியதும் எங்கள் அளவு எண்கள் எல்லாம் அவர்களுடைய தலைப்பு எழுத்தின் உயரத்துக்கு வளர்ந்துவிட்டன.

அவள் முதலில் டைமென்ஷன் ஸ்டைலில் உயரத்தைக் குறைக்கப் பார்த்தாள். அசையவில்லை. டெக்ஸ்ட் ஸ்டைலின் உயரத்தைக் குறைத்தால் மற்ற அலுவலகத்தின் எழுத்துகள் கெட்டுவிடுமோ என்று பயந்தாள். அந்தப் பயம் நியாயமானது. அதனால் டைமென்ஷன்களைத் தேர்ந்தெடுத்து, ப்ராப்பர்ட்டீஸில் வேறு ஒரு டெக்ஸ்ட் ஸ்டைலைப் பொருத்தி, உயரத்தையும் அங்கேயே மாற்றினாள். எழுத்து சரியான அளவுக்கு வந்தது. ஒன்றன் மேல் ஒன்று ஏறியதையும் கையால் நகர்த்தி ஒழுங்குபடுத்தினாள்.

பிரிண்ட் எடுத்து என் மேசைக்கு வந்தது. நான் பார்த்தேன். எழுத்து தெளிவாக இருக்கிறதா, பில்லர் எண்கள் சரியா, கம்பி எண்ணிக்கை சரியா. 10 அடி 4 என்று இருந்ததையும் பார்த்தேன். அதற்குப் பின்னால் ஒரு அரை அங்குலம் இருந்திருக்க வேண்டும் என்பது அந்த நேரம் என் நினைவில் இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

இந்த நிகழ்வில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது இதுதான். ஒரே ஒட்டுதலில் இரண்டு விஷயங்கள் மாறின. ஒன்று எழுத்தின் உயரம். அது கண்ணைக் குத்தியது, ஆகவே முக்கால் மணி நேரம் செலவழித்துச் சரிசெய்தோம். மற்றொன்று அளவின் நுணுக்கம். அது அமைதியாக இருந்தது, ஆகவே சைட் வரை போய்விட்டது. எழுத்து பெரிதாகிவிட்டது என்றால், ஸ்டைல் மாறிவிட்டது என்று அர்த்தம். ஸ்டைல் மாறினால் அதற்குள் இருக்கும் எல்லாமே மாறியிருக்கும். அந்தப் பெரிய எழுத்தை நாங்கள் ஒரு அடையாளமாகப் பார்க்கவில்லை, ஒரு அழுக்காகப் பார்த்துத் துடைத்துவிட்டோம்.

இன்னும் மோசமாகவும் ஆகியிருக்கலாம். டைமென்ஷன் ஸ்டைலுக்குள் அளவைப் பெருக்கும் காரணி ஒன்று இருக்கிறது, டிம்எல்ஃபாக் என்பார்கள். டீடெயிலை (ஒரு பகுதியின் விவரப் படத்தை) இரண்டு மடங்கு பெரிதாக்கி வரைந்துவிட்டு, இதை 0.5 என்று வைத்து எண்ணை மட்டும் பழையபடி காட்டுவது நம் ஊரில் பழகிப்போன முறை. அப்படி வரைந்த ஒன்றை ஒட்டி, போன இடத்தில் அதே பெயருள்ள ஸ்டைலில் காரணி 1 என்று இருந்தால், 9 அங்குலம் 18 அங்குலமாகிவிடும். பெரிய தவறு என்பதால் யாராவது பிடித்துவிடுவார்கள். ஒரு கடைக்கு 0.41 அங்குலம் என்பதைப் பிடிப்பது கடினம். அப்புறம், ரவுண்ட் ஆஃப் என்று தனியாக ஒரு கட்டமும் உண்டு. அதில் யாராவது ஒரு அங்குலம் என்று போட்டு வைத்திருந்தாலும் இதே கதைதான் நடக்கும்.

நுணுக்கமா, முழுமையா

அரை அங்குலம் என்ற எங்கள் பழைய அமைப்பாவது சரியாக இருந்ததா என்றால், அதுவும் முழுக்கச் சரியில்லை. 10 அடி 4½ என்பதை ஏழு தடவை கூட்டினால் 72 அடி 7½. மொத்தம் காட்டியது 72 அடி 7. அரை அங்குலம் இடிக்கிறது. சைட்டில் அதைச் சமாளிக்கலாம். ஆனால் ஒரே தாளில் கூட்டலும் மொத்தமும் ஒத்துப்போகாமல் இருப்பது, அதைப் படிப்பவரை ஏமாற்றுவதுதான்.

அப்படியானால் நுணுக்கத்தை 1/16 அங்குலம் வரை கூட்டிவிடலாமா? 10 அடி 4 7/16 என்று எழுதி மேஸ்திரியிடம் கொடுத்தால், வெயிலில் நின்று, நூலுக்குக் கீழே குனிந்து, சுண்ணாம்புப் பொடியில் அவர் 7/16 ஐத் தேட வேண்டும். அது நம் கவலையை அவர் தலையில் கட்டுவது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

சரியான வழி, வரைவதற்கு முன்பே அளவை சைட்டின் அலகில் முடிவு செய்வது. 22.12 மீட்டர் என்பது 72 அடி 7 அங்குலத்துக்கு மூன்றரை மில்லிமீட்டர் குறைவு, அவ்வளவுதான். ஆகவே மொத்தம் 72 அடி 7 என்று வைத்துக்கொள்வோம். ஆறு கடைக்கு 10 அடி 4½, கடைசிக் கடைக்கு 10 அடி 4. ஆறு தடவை 124½ அங்குலம் 747. அதோடு 124. மொத்தம் 871 அங்குலம், அதாவது 72 அடி 7. கோடும் எண்ணும் ஒன்று, கூட்டலும் மொத்தமும் ஒன்று. கடைசிக் கடை அரை அங்குலம் குறைவு என்பதை வாடகைக்கு வருபவர் யாரும் கவனிக்கப்போவதில்லை.

மேஸ்திரிக்கு மறுநாள் நாங்கள் கொடுத்த புதிய தாளில் இன்னொரு மாற்றமும் செய்தோம். கடைக்குக் கடை அளவு கொடுக்காமல், முதல் பில்லரின் மையத்தை 0 என்று வைத்து எல்லாவற்றையும் அங்கிருந்தே ஓடும் அளவாகக் கொடுத்தோம். 10 அடி 4½, 20 அடி 9, 31 அடி 1½, 41 அடி 6, 51 அடி 10½, 62 அடி 3, 72 அடி 7. டேப்பின் நுனியை ஒரே ஆணியில் மாட்டிவிட்டு, எண்ணை வாசித்துக்கொண்டே போகலாம். இந்த முறையில் ஒரு நன்மை, எண் எந்த அளவுக்கு முழுமையாக்கப்பட்டாலும் பிழை சேர்ந்துகொண்டே போகாது. முழு அங்குலத்துக்கு முழுமையாக்கியிருந்தாலும் எந்த பில்லரும் அரை அங்குலத்துக்கு மேல் விலகியிருக்காது. சங்கிலிபோல அளவு கொடுக்கும் பழக்கம் நமக்கு எவ்வளவு ஊறிவிட்டது என்பதை இதற்குப் பிறகுதான் உணர்ந்தேன். பில்லர் மார்க்கிங்குக்கு மட்டுமாவது அதை விட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கோப்புகளில் மாற்றியவை

அந்த வாரமே புதிதாக ஒரு டெம்ப்ளேட் கோப்பு செய்தோம். ஸ்டாண்டர்டைத் திருத்துவதில்லை, அது அப்படியே கிடக்கட்டும், அதில் எதையும் போடுவதில்லை என்பது முதல் தீர்மானம். எங்கள் ஸ்டைல்களுக்கு அலுவலகத்தின் முதலெழுத்துகளோடு தொடங்கும் பெயர் வைத்தோம். அதற்குப் பின்னால் அலகும் நுணுக்கமும் பெயரிலேயே வரும்: அடி-அரை, அடி-எட்டில், மிமீ-முழு. முதலாவது லேஅவுட்டுக்கு. இரண்டாவது, எட்டில் ஒரு அங்குலம் வரை காட்டும், கேட், கிரில் போன்றவற்றுக்கு. மூன்றாவது கம்பி டீடெயிலுக்கு. பட்டியலில் பெயரைப் பார்த்தவுடனே எந்த நுணுக்கத்தில் எண் வருகிறது என்று தெரிய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கீழே ஆரத்துக்கும் விட்டத்துக்கும் கோணத்துக்கும் துணை ஸ்டைல்கள் வைத்தோம், நேர்கோட்டு அளவுக்குச் சாய்கோடும் ஆரத்துக்கு அம்புக்குறியும் வருவதற்காக.

டெக்ஸ்ட் ஸ்டைல் எல்லாவற்றிலும் உயரம் 0. விதிவிலக்கே இல்லை. தலைப்புக்கு வேறு உயரம் வேண்டுமென்றால் எழுதும்போது கொடுத்துக்கொள்ளலாம். எழுத்துருவுக்கு ஆட்டோகேடோடு வரும் சிம்ப்ளெக்ஸ். பார்க்க எளிமையானது, ஆட்டோகேட் இருக்கும் இடத்திலெல்லாம் இருக்கும். எங்கிருந்தோ இறக்கிய எழுத்துருவைப் போட்டால், அது இல்லாத கணினியில் வேறொன்று வந்து நிற்கும், எழுத்தின் அகலம் மாறி எண்கள் கோட்டைத் தாண்டும். அப்படி ஏதாவது சேர்க்கத்தான் வேண்டும் என்றால், கோப்போடு வேண்டியதையெல்லாம் ஒரே கட்டாக்கும் ஈ-டிரான்ஸ்மிட்டில் எழுத்துருவையும் சேர்த்துக் கட்டி அனுப்புகிறோம்.

உயரம் எவ்வளவு? டிராயிங் எழுத்துக்கான உயரங்கள் மில்லிமீட்டரில் 2.5, 3.5, 5, 7 என்று வரிசையாக ஏறும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் எஸ்பி 46 என்ற டிராயிங் கையேட்டிலும் இதே வரிசைதான். ஒவ்வொன்றும் முந்தையதைப்போல் சுமார் 1.4 மடங்கு. ஏ வரிசைத் தாள்களின் அளவும் ஒரு படிக்கு அதே விகிதத்தில் மாறுவதால், ஒரு தாள் குறைந்தால் எழுத்தும் ஒரு படி இறங்கும். பலர் 2.5 போடுகிறார்கள். ஆனால் நம் சைட்டுகளுக்கு ஏ2 தாள் அப்படியே போவது அபூர்வம். யாரோ ஒருவர் ஜெராக்ஸ் கடையில் ஏ3 ஆகச் சுருக்கி எடுத்துவிடுவார். 2.5 அப்போது 1.8 ஆகிவிடும். ஈரக்கையில் மடித்து மடித்து வைத்த தாளில் அதைப் படிக்க முடியாது. நாங்கள் எட்டில் ஒரு அங்குலம் என்று வைத்தோம், 3.2 மில்லிமீட்டர் வரும். கால் அங்குலத்துக்கு ஒரு அடி என்ற அளவுத்திட்டத்தில் 48 மடங்கு, ஆகவே மாடலில் எழுத்து சரியாக 6 அங்குலம் உயரம். சரிபார்க்க எளிது.

அனோட்டேட்டிவ் ஸ்டைல் பயன்படுத்தலாமா என்று எங்களுக்குள் கொஞ்சம் வாதம் நடந்தது. 2008 பதிப்பில் வந்த வசதி. அளவுத்திட்டத்தை மாற்றினால் எழுத்தும் அம்பும் தானாகச் சரியாகும், ஒரே ஸ்டைல் எல்லா அளவுத்திட்டத்துக்கும் போதும். எனக்குப் பிடித்திருக்கிறது, அலுவலகத்துக்குள்ளே செய்யும் வேலைக்கு அதையே வைத்துக்கொண்டோம். டீடெயிலைப் பெரிதாக்கி வரையும் பழக்கத்தையும் அதோடு விட்டோம். எல்லாமே உண்மை அளவில், பெரிதாகக் காட்ட வேண்டியதை லேஅவுட் தாளின் வியூபோர்ட் என்ற சட்டத்துக்குள் பெரிதாகக் காட்டிக்கொள்கிறோம்.

அடுத்தவர் கோப்போடு சேர வேண்டியிருந்தால் இனி ஒட்டுவதில்லை. எக்ஸ்ரெஃப் ஆகத்தான், அதாவது உள்ளே காப்பி செய்யாமல் வெளியிலிருந்து காட்டும் இணைப்பாகத்தான், சேர்க்கிறோம். அப்போது அந்தக் கோப்பின் ஸ்டைல்கள் அதன் பெயரை முன்னொட்டாக வைத்துக்கொண்டு வரும், இங்கே இருப்பதோடு மோதாது. கடைசியில் ஒரே கோப்பாக்கிக் கொடுக்கச் சொன்னால், பைண்ட் செய்யும்போது இரண்டு வழி கேட்கும்: பைண்ட் அல்லது இன்சர்ட். பைண்ட் என்றால் பெயர்கள் தனித்தனியாகவே நிற்கும். இன்சர்ட் என்றால் ஒரே பெயருள்ளவை கலந்துவிடும், எங்களுக்கு நடந்தது அப்படியே திரும்ப நடக்கும். பெயர்ப் பட்டியல் சுத்தமாக இருக்கிறது என்று பலர் இன்சர்டைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

பழைய கோப்புகளில் கிடைத்தவை

டெம்ப்ளேட் முடிந்ததும் நடந்துகொண்டிருந்த வேலைகளின் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து புதிய ஸ்டைலுக்கு மாற்றினோம். ஆட்டோகேடின் முழுப் பதிப்பில், டெம்ப்ளேட்டை டிடபிள்யூஎஸ் என்ற தரநிலைக் கோப்பாகச் சேமித்து அதனோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி இருக்கிறது. லேயர், டைமென்ஷன் ஸ்டைல், டெக்ஸ்ட் ஸ்டைல் எங்கெல்லாம் வேறுபடுகிறது என்று காட்டும். ஆனால் அது ஸ்டைலைத்தான் பார்க்கும். தனித்தனி டைமென்ஷனில் கையால் மாற்றி வைத்தவை ஸ்டைலை மாற்றினாலும் அசையாமல் நிற்கும். முக்கால் மணி நேரம் உழைத்துச் செய்த அந்த உயரத் திருத்தங்களும் அந்த வகைதான். டிம் அப்டேட் கொடுத்து, அப்போதைய ஸ்டைலை மறுபடியும் பூசினால்தான் அவை போகும்.

அதற்கும் மசியாத ஒன்று இருக்கிறது. அளவு எண்ணின் மேல் இரட்டைக் கிளிக் செய்து, எண்ணை அழித்துவிட்டு வேறு எண்ணைக் கையால் தட்டி வைப்பது. தேடியபோது எங்கள் கோப்புகளிலேயே கிடைத்தது. ஒரு வீட்டின் டாய்லெட் அகலம் 4 அடி 6 அங்குலம் என்று தட்டியிருந்தது, கோடு 4 அடிதான். உரிமையாளர் போனில் அகலப்படுத்தச் சொன்னபோது, சுவரை நகர்த்தாமல் எண்ணை மட்டும் மாற்றியிருக்கிறோம். அந்தச் சுவரைப் பின்னால் எவ்வளவு நகர்த்தினாலும் அந்த எண் 4 அடி 6 என்றே சொல்லிக்கொண்டிருக்கும். ஆட்டோகேடின் கூடுதல் கருவிகளான எக்ஸ்பிரஸ் டூல்ஸில் உள்ள டிம்ரீஅசோக் கட்டளை இப்படித் தட்டிய எண்களை எடுத்துவிட்டு உண்மை அளவைத் திரும்பக் கொண்டுவரும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றிலும் ஓட்டக் கூடாது. தட்டிய எண் சரியாகவும் கோடு தவறாகவும் இருக்கலாம், டாய்லெட்டில் அப்படித்தான் இருந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்து, கோட்டைத் திருத்திவிட்டு, பிறகு எண்ணை விடுவித்தோம். இதற்கு மட்டும் இரண்டு நாள் போயிற்று.

தமிழ் எழுத்திலும் இதே பெயர் மோதல் வந்தது. மேஸ்திரிக்காகத் தாளில் சில குறிப்புகளைத் தமிழில் எழுதுவோம். பழைய கோப்புகளில் பாமினி எழுத்துருவில், தமிழ் என்ற பெயருள்ள டெக்ஸ்ட் ஸ்டைலில் எழுதியிருந்தோம். பாமினியில் கம்பி என்று எழுதினால், கோப்புக்குள் உண்மையில் இருப்பது எஃப், கே, அரைப்புள்ளி, ஜி, பி என்ற ஆங்கில எழுத்துகள். எழுத்துருதான் அதற்குத் தமிழ் முகம் கொடுக்கிறது. பிற்பாடு யூனிகோடுக்கு மாறியபோது, நிர்மலா எழுத்துருவை வைத்து இன்னொரு ஸ்டைல் செய்தோம். அதற்கும் அதே பெயர். பழைய கோப்பிலிருந்து குறிப்பைப் புதிய கோப்பில் ஒட்டினால் கம்பி போய் ஆங்கிலக் குப்பை வந்து நிற்கும். இப்போது யூனிகோடு ஸ்டைலுக்குத் தனிப் பெயர். பாமினியில் உள்ளவற்றை ஒட்டுவதில்லை, மறுபடி தட்டச்சு செய்கிறோம்.

தாள் வெளியே போவதற்கு முன் இப்போது ஒரு வேலை சேர்ந்திருக்கிறது, அதை அந்தப் பெண்ணே எடுத்துக்கொண்டாள். பிரிண்டில் ஏதாவது மூன்று அளவுகளைப் பென்சிலால் வட்டமிட்டு, கோப்பில் டிஸ்ட் கொடுத்து வரும் எண்ணைப் பக்கத்தில் எழுதுகிறாள். கூடவே சங்கிலி அளவு எங்காவது இருந்தால் கூட்டி, மொத்தத்தோடு பொருத்திப் பார்த்து அதையும் ஓரத்தில் எழுதுகிறாள். அந்தப் பென்சில் எண்கள் இல்லாத தாளில் நான் கையெழுத்துப் போடுவதில்லை. போன வாரம் ஒரு தாளில் கூட்டல் ஒரு அங்குலம் இடித்தது. நான் கேட்பதற்கு முன்பே, "நம்ம ஸ்டைல் இல்ல சார், வந்த ஃபைல்ல ஸ்டாண்டர்டுல இருக்கு, மாத்திட்டு எடுத்துட்டு வரேன்" என்று தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனாள்.